"முடிக்கவில்லை" என்ற சிவப்பு மை: ஏடிஎச்டியின் வரலாறும் வீட்டுப்பாட மேசையும்



சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டு 4 மாணவன் ஒருவனின் கணிதப் பயிற்சிப் புத்தகத்தில், ஒரே வாரத்தில் மூன்று முறை சிவப்பு மையில் எழுதினேன்: "வீட்டுப்பாடம் முடிக்கவில்லை." மூன்றாவது முறை பக்கத்தில் "சோம்பல்" என்றும் சேர்த்து எழுதினேன். மறுநாள் காலையில் அவனுடைய அம்மா அந்தப் புத்தகத்தோடு பள்ளிக்கு வந்துவிட்டார்.

"டீச்சர், சோம்பேறின்னு எழுதியிருக்கீங்க. ஏழு மணிக்கு உக்கார வெச்சேன், பத்து மணி வரைக்கும் மேசையிலதான் இருந்தான். பத்து கணக்குல நாலுதான் முடிஞ்சுது. அவனும் அழுதான், நானும் அழுதேன். மூணு மணி நேரம் உக்காந்த புள்ள எப்படி டீச்சர் சோம்பேறி?"

என்னிடம் பதில் இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு மருத்துவமனையில் அவனுக்கு ஏடிஎச்டி என்று சொன்னார்கள். அதாவது கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த ஒரு வளர்ச்சிக் குறைபாடு. "இதெல்லாம் இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு வர்ற நோய், கைத்தொலைபேசியால வந்தது" என்று ஆசிரியர் அறையில் அப்போது பேசிக்கொண்டோம். அது சரியா என்று தேடிப் படித்தபோதுதான் இதற்கு இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருப்பது தெரிந்தது. அந்த வரலாற்றில் இந்தக் குழந்தைகளுக்குப் பல பெயர்கள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு பெயரும் பெரியவர்கள் அவர்களை நடத்தும் விதத்தையும் மாற்றியது. வீட்டுப்பாட மேசையில் இன்று நாம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான விடையும் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

பிரம்புக்கும் அடங்காத கவனம்: 1798

ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-இல் மனநோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் கவனத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். எதிலும் நிலைத்து நிற்காத கவனத்தோடு சிலர் பிறக்கிறார்கள் என்றும், அது சிறு வயதிலேயே தெரிந்துவிடும் என்றும், கல்வியை அது பாதிக்கும் என்றும் எழுதினார். யாராவது அறையில் நடந்தாலோ, மேசையை நகர்த்தினாலோ, கதவைச் சாத்தினாலோ, வெளியே நாய் குரைத்தாலோ இவர்களின் கவனம் கலைந்துவிடும் என்றார். வயது ஏற ஏற இது பெரும்பாலும் குறையும் என்றும் சொன்னார்.

ஆசிரியர்களைப் பற்றி அவர் சொன்னது இன்னும் முக்கியம். லத்தீன், கிரேக்க இலக்கணத்தின் வறட்சி சில பிள்ளைகளுக்குப் பிடிப்பதே இல்லை. பிரம்பைக் காட்டி மிரட்டினாலும் அவர்களின் கவனத்தை அதில் நிறுத்த முடியாது, கெஞ்சிக் கேட்டாலும் முடியாது. எல்லா ஆசிரியர்களும் இதைக் கண்டிருப்பார்கள் என்று எழுதினார். "அடியாத மாடு படியாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்த காலத்தில், அடியும் கெஞ்சலும் வேலை செய்யாத ஒரு வகைக் குழந்தை உண்டு என்று ஒரு மருத்துவர் பதிவு செய்துவிட்டார். ஆனால் அவர் எழுதியதை அடுத்த நூறு ஆண்டுகளுக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேசைவிரிப்பை இழுத்த பையன்: 1840-கள்

ஜெர்மனியின் பிராங்பர்ட் நகர மருத்துவர் ஹெய்ன்ரிச் ஹோப்மன், தம் மூன்று வயது மகனுக்காக எழுதிய படக்கதைப் புத்தகம் 1845-இல் அச்சானது. பின்னர் அதில் சேர்ந்த பாத்திரங்களில் ஒருவன் பிலிப். சாப்பாட்டு மேசையில் அவனால் சும்மா உட்கார முடியாது. நாற்காலியை ஆட்டிக்கொண்டே இருந்து கடைசியில் பின்னால் சாய்வான். விழாமலிருக்க மேசைவிரிப்பைப் பிடிப்பான், சாப்பாடு எல்லாம் அவனோடு சேர்ந்து கீழே விழும். அப்பாவுக்குக் கோபம் வரும்.

இது நோயைப் பற்றிய கதை அல்ல, நல்லொழுக்கம் சொல்லும் கதை. இன்றும் பல வீடுகளில் இந்தக் காட்சி மாறவில்லை. சாப்பாட்டு மேசைக்குப் பதிலாக வீட்டுப்பாட மேசை, அவ்வளவுதான்.

"ஒழுக்கக் குறை" என்று பெயரிட்ட காலம்: 1902

1902-இல் லண்டன் ராயல் மருத்துவர்கள் கல்லூரியில் ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவு வளர்ச்சியில் குறை இல்லாமலேயே தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத குழந்தைகளைப் பற்றிய சொற்பொழிவுகள் அவை. ஆறு வயதுப் பையன் ஒருவனை அவர் விவரித்தார். விளையாட்டில்கூட அவனால் நீண்ட நேரம் கவனம் செலுத்த முடியாது. பள்ளிப் படிப்பில் பின்தங்கியவன்போல் தெரிவான். ஆனால் பேச்சுக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே கெட்டிக்காரன். "வாயால கேட்டா பதில் சொல்றான், எழுதச் சொன்னா எழுத மாட்டேங்குறான்" என்று நாம் சொல்லும் அதே குழந்தைதான்.

இந்தக் குழந்தைகள் பின்னால் வரப்போகும் நன்மையை நினைத்துக் காத்திருப்பதில்லை, உடனே கிடைப்பதையே நாடுகிறார்கள் என்பதும் ஸ்டில்லின் கவனத்துக்கு வந்தது. இன்றுவரை மாறாத ஒரு கண்டுபிடிப்பு இது. ஆனால் அவர் வைத்த பெயர் "ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை." பெற்றோர் வளர்ப்பு சரியில்லை என்பதல்ல அவருடைய கருத்து, உடல் சார்ந்த காரணம் இருக்கும் என்றே அவர் கருதினார். ஆனாலும் "ஒழுக்கம்" என்ற சொல் பெயரில் ஒட்டிக்கொண்டது. என் சிவப்பு மையிலிருந்த "சோம்பல்" அந்தச் சொல்லின் தங்கைதான்.

மூளைக்காய்ச்சலும் கணக்கு மாத்திரையும்: 1917 முதல் 1954 வரை

முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு வகை மூளையழற்சி நோய் பரவியது. பிழைத்த குழந்தைகளில் பலர் அமைதியிழந்தவர்களாகவும் கவனம் நிற்காதவர்களாகவும் மாறினார்கள். அப்படியானால் காரணம் ஒழுக்கம் அல்ல, மூளை என்ற எண்ணம் வலுத்தது. மூளைக்கு எந்தப் பாதிப்பும் இல்லாத குழந்தைகளுக்கும் "சிறு மூளைப் பாதிப்பு" என்ற பெயர் பின்னர் ஒட்டப்பட்டது.

1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், குழந்தைகளுக்கான ஒரு மருத்துவ இல்லத்தில் சார்லஸ் பிராட்லி பணியாற்றினார். முதுகுத்தண்டு நீரை எடுத்துச் செய்யும் ஒரு மூளைப் பரிசோதனையால் குழந்தைகளுக்குக் கடும் தலைவலி வந்தது. அதைத் தணிக்க பென்சிட்ரின் என்ற ஊக்கி மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பள்ளி வேலையில் மாற்றம் தெரிந்தது. பிறகு 30 குழந்தைகளுக்கு ஒரு வாரம் கொடுத்துக் கவனித்தார். அவர்களில் 14 பேரின் படிப்பு வியக்கத்தக்க அளவுக்கு முன்னேறியது. குழந்தைகளே அதற்குக் "கணக்கு மாத்திரை" என்று பெயர் வைத்தார்கள்!

1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்பெனிடேட் என்ற மருந்தை உருவாக்கினார். அவருடைய மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. அதிலிருந்தே "ரிட்டலின்" என்ற பெயர் வந்தது. 1954-இல் அது சந்தைக்கு வந்தது.

மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது மருத்துவரும் பெற்றோரும் எடுக்கும் முடிவு. ஆசிரியர்களாகிய நாம் அதில் கருத்துச் சொல்லக்கூடாது. ஆனால் பிராட்லியின் பதிவு நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. ஒரு வாரத்துக்கு முன்பு கணக்குப் போடாத குழந்தை ஒரு வாரத்தில் போட்டது. கணக்குப் போடும் திறன் அதற்கு முன்பே அந்தக் குழந்தையிடம் இருந்திருக்கிறது.

வீட்டுப்பாடத்துக்கும் ஒரு வழக்கு உண்டு

வீட்டுப்பாடத்தை 1905-இல் ரொபர்ட்டோ நெவிலிஸ் என்ற இத்தாலிய ஆசிரியர் கண்டுபிடித்தார் என்று சமூக ஊடகங்களில் சுற்றுகிறது. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மாணவர்கள் கட்டுரையில் எழுதிவிட வேண்டாம்.

உண்மையில் அதற்கு முன்பே வீட்டுப்பாடத்தை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. 1900-இல் எட்வர்ட் போக் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர், வீட்டுப்பாடம் குழந்தைகளின் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று கடுமையாக எழுதினார். 1901-இல் கலிபோர்னியா மாநிலம் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு வீட்டுப்பாடத்தைத் தடை செய்து சட்டமே இயற்றியது. அது நிலைக்கவில்லை. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபோது, "நம் பிள்ளைகள் பின்தங்கிவிட்டார்கள்" என்ற பயத்தில் அமெரிக்கா மறுபடியும் வீட்டுப்பாடத்தைக் கூட்டியது. ஆக, வீட்டுப்பாடத்தின் அளவு எப்போதுமே பெரியவர்களின் பயத்தோடு ஏறி இறங்கியிருக்கிறது.

அசைவிலிருந்து கவனத்துக்கு: 1968 முதல் 1987 வரை

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் டிஎஸ்எம் என்ற கையேட்டை வெளியிடுகிறது. 1968-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு இதற்குக் "குழந்தைப் பருவ மிகை இயக்க எதிர்வினை" என்று பெயரிட்டது. ஓடுவதும் குதிப்பதும்தான் அப்போது எல்லோர் கண்ணிலும் பட்டன.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வர்ஜீனியா டக்ளஸ் 1972-இல் வேறொரு பார்வையை முன்வைத்தார். பெரிய சிக்கல் ஓட்டம் அல்ல, கவனத்தைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாததும் நின்று நிதானித்துச் செய்ய முடியாததும்தான் என்றார். இதன் விளைவாக 1980-இல் கையேட்டின் பெயர் "கவனக்குறைபாடு" என்று மாறியது. மிகை இயக்கம் இல்லாமலும் அது இருக்கலாம் என்று முதன்முறையாக ஏற்கப்பட்டது. 1987-இல் இன்றைய ஏடிஎச்டி என்ற பெயர் வந்தது.

1980-இன் மாற்றம் வகுப்பறையில் யாருக்கு உதவியது தெரியுமா? கடைசி வரிசையில் சத்தம் போடாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு. அப்படிப்பட்டவர்களில் பெண் பிள்ளைகள் பலர். யாரையும் தொந்தரவு செய்யாததால் இன்றும் நம் கண்ணில் படாமல் போகிறார்கள்.

உட்கார வைப்பதா, கணக்குப் போட வைப்பதா: 1975, 1976

வீட்டுப்பாடத்துக்கு மிக நெருக்கமான திருப்பம் 1975-இல் வந்தது. டெட் ஐலன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் மருந்து உட்கொண்டுவந்த மூன்று குழந்தைகளை ஆராய்ந்தார்கள். மருந்தை நிறுத்தியதும் மிகை இயக்கம் ஏறியது. "அசையாமல் உட்கார்" என்று அவர்கள் சொல்லவில்லை. உட்கார்ந்ததற்குப் பரிசும் தரவில்லை. கணிதத்திலும் வாசிப்பிலும் சரியான விடைக்கு மட்டும் புள்ளி கொடுத்தார்கள். புள்ளிகளைச் சேர்த்து விருப்பமானதைப் பெற்றுக்கொள்ளலாம். சரியான விடைகள் சுமார் 12 விழுக்காட்டிலிருந்து 85 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்தன. யாரும் குறிவைக்காத மிகை இயக்கமும் தானாகக் குறைந்தது.

மூன்றே குழந்தைகள் என்பதால் இதை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட முடியாது. ஆனாலும் மேசையில் "ஆடாதே, அசையாதே" என்று சொல்லிக்கொண்டே இருக்கும் நமக்கு இது பெரிய பாடம். நின்றுகொண்டு கணக்குப் போட்டால் என்ன? காலை ஆட்டிக்கொண்டே வாசித்தால் என்ன? கணக்கு முடிந்ததா என்பதுதான் கேள்வி.

1976-இல் டேனியல் ஒலியரியும் அவருடைய சகாக்களும் இதை வீட்டோடு இணைத்தார்கள். ஆசிரியர் ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று இலக்குகளைக் குறித்த சிறு அட்டையை வீட்டுக்கு அனுப்புவார். இலக்கை எட்டிய நாளில் வீட்டில் ஒரு சிறு பரிசு. "தினசரி அறிக்கை அட்டை" என்று இன்றும் பயன்படும் முறையின் தொடக்ககாலச் சோதனைகளில் இதுவும் ஒன்று. அதுவரை பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போனது பெரும்பாலும் புகார்தான். இந்த அட்டையில் பிள்ளை சாதித்ததும் போனது.

தெரியும், ஆனால் செய்ய முடியவில்லை: 1997-க்குப் பிறகு

1997-இல் ரசல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர், ஏடிஎச்டியின் மையம் தன்னைத் தானே நிறுத்தி நிர்வகிக்கும் ஆற்றலில் உள்ள குறை என்று விளக்கினார். என்ன செய்ய வேண்டும் என்பது குழந்தைக்குத் தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் தடை. நாளைக்குப் புத்தகம் அனுப்ப வேண்டும் என்பது மற்றக் குழந்தையைத் தள்ளுவதுபோல இந்தக் குழந்தையைத் தள்ளுவதில்லை. ஸ்டில் 1902-இல் கண்ட "உடனே கிடைப்பதை நாடுவது" என்ற குணத்துக்கு இங்கே விளக்கம் கிடைத்தது.

1999-இல் அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்த பெரிய ஆய்வு வெளிவந்தது. கவனக்குறைவு, மிகை இயக்கம் ஆகிய முதன்மை அறிகுறிகளைக் குறைப்பதில் முறையாகக் கண்காணிக்கப்பட்ட மருந்து முன்னணியில் நின்றது. மருந்தோடு பெற்றோர் பயிற்சியும் பள்ளி ஒத்துழைப்பும் சேர்ந்தபோது, பெற்றோர்-பிள்ளை உறவு போன்றவற்றில் கூடுதல் பலன் தெரிந்தது.

2007-இல் பிலிப் ஷாவும் குழுவினரும் மூளைப் படங்களை ஒப்பிட்டார்கள். மூளையின் புறணி முதிர்ச்சியில் ஒரு குறிப்பிட்ட கட்டத்தை மற்றக் குழந்தைகள் சராசரியாக ஏழரை வயதில் எட்டினார்கள், ஏடிஎச்டி உள்ளவர்கள் பத்தரை வயதில் எட்டினார்கள். வளர்ச்சியின் வரிசை மாறவில்லை, காலம்தான் தாமதம். பத்து வயதுப் பிள்ளையிடம் "உன் வயசுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பதற்கு முன் இந்த எண்களை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் காலத்தில்தான் வீட்டுப்பாடத்துக்கென்றே திட்டங்கள் பிறந்தன. தாமஸ் பவரும் சகாக்களும் 2001-இல் வெளியிட்ட திட்டம் பெற்றோரையும் ஆசிரியரையும் ஒரே மேசையில் சேர்த்தது. பின்னர் ஜோஷுவா லாங்பர்க் உருவாக்கிய திட்டம், வீட்டுப்பாடத்தைக் குறித்துக்கொள்வது, பையை ஒழுங்குபடுத்துவது, நேரத்தைத் திட்டமிடுவது ஆகியவற்றைத் திறன்களாகவே கற்றுக்கொடுத்தது.

நம் நாட்டில்

மலேசியாவில் 2008 ஒரு முக்கியமான ஆண்டு. மாற்றுத் திறனாளிகள் சட்டம் அந்த ஆண்டில் இயற்றப்பட்டது. குழந்தைகள், பதின்ம வயதினரின் ஏடிஎச்டிக்கான மருத்துவ வழிகாட்டியைச் சுகாதார அமைச்சும் அதே ஆண்டில் வெளியிட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2020-இல் வந்தது. சமூகநலத் துறையின் ஓகேயு பதிவில் கற்றல் சிக்கல் பிரிவின் கீழ் ஏடிஎச்டியும் வருகிறது. 2021-இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நிறுத்தப்பட்டது. ஆனால் வீட்டுப்பாடம் நிற்கவில்லை. பள்ளி, டியூஷன், சமய வகுப்பு என்று சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்குப் பையைத் திறக்கும் பிள்ளைகள் நம்மிடம் நிறைய.

வரலாறு வீட்டு மேசைக்குச் சொல்வது

மேலே கண்டவற்றைப் பெற்றோருக்கு நாம் எப்படிச் சொல்லலாம்? பெற்றோர் சந்திப்பில் நான் சொல்வது இவை:

1. நேரம். பள்ளி விட்டு வந்ததும் சாப்பாடு, பிறகு அரை மணி நேரம் ஓடி விளையாடட்டும். அதன்பின் தினமும் ஒரே நேரத்தில் உட்காரட்டும். தூங்கப் போகும் நேரம் வரை தள்ளிப்போட வேண்டாம்.

2. இடம். கிரைட்டன் சொன்ன கதவும் மேசையும் நினைவிருக்கட்டும். தொலைக்காட்சி அணைந்திருக்கட்டும், கைத்தொலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். அம்மாவோ அப்பாவோ அருகில் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். தலைக்கு மேல் நிற்க வேண்டாம்.

3. அளவு. பத்துக் கணக்கை ஒன்றாகக் காட்டாமல் தாளை மடித்து மூன்று மட்டும் தெரியும்படி வையுங்கள். முடிந்ததும் அடுத்த மூன்று.

4. கண்ணுக்குத் தெரியும் கடிகாரம். சமையலறை அலாரக் கடிகாரம் போதும். பத்து நிமிடம் வேலை, மூன்று நிமிடம் இடைவேளை. "இன்னும் எவ்ளோ நேரம்மா?" என்ற கேள்விக்குக் கடிகாரமே பதில் சொல்லும்.

5. உடனடிப் பலன். "ஆண்டு இறுதியில் சைக்கிள்" என்பது இவர்களுக்கு எட்டாத தூரம். மூன்று கணக்குக்கு ஒரு சரி அடையாளம், ஐந்து அடையாளத்துக்கு அப்பாவோடு பூப்பந்து. இது லஞ்சம் அல்ல. தொலைவில் இருக்கும் பலனைப் பக்கத்தில் கொண்டுவருவது.

6. பை. முடித்த வீட்டுப்பாடம் மேசையிலேயே கிடப்பது இவர்களின் வீட்டில் வழக்கமான சோகம். புத்தகம் பைக்குள் போன பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

7. நிறுத்தும் நேரம். ஆசிரியரும் பெற்றோரும் பேசி ஒரு நேர எல்லை வைத்துக்கொள்ளட்டும். ஆண்டு 4-க்கு 40 நிமிடம் என்று வைத்தால், அதுவரை செய்ததற்குக் கீழே பெற்றோர் கையெழுத்திடட்டும். அழுதுகொண்டே மூன்று மணி நேரம் உட்கார்வதில் படிப்பு ஏறாது.

ஏழாவது குறிப்பு நாம் ஒத்துழைத்தால்தான் நடக்கும். மணி அடித்த பிறகு வாசலில் நின்றுகொண்டு வீட்டுப்பாடம் சொன்னால், இந்தக் குழந்தைக்கு அது காதில் விழாது. பாடத்தின் நடுவிலேயே பலகையில் எழுதி, அவன் குறித்துக்கொண்டானா என்று ஒரு பார்வை பார்த்துவிடலாம். இருபது கணக்கில் தெரிந்துகொள்ளும் திறனை ஐந்து கணக்கிலும் தெரிந்துகொள்ளலாம். "மத்த புள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?" என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. கண்ணாடி போட்ட பிள்ளையைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லையே. ஐயம் இருந்தால் நாமே ஏடிஎச்டி என்று முடிவுகட்டாமல், பெற்றோரைச் சுகாதாரக் கிளினிக்குக்கு வழிகாட்டுவதே முறை.

நிறைவாக

"ஒழுக்கக் குறை" என்று பெயரிட்ட காலத்தில் குழந்தை தண்டனை பெற்றது. "மூளைப் பாதிப்பு" என்றபோது பெற்றோர் நம்பிக்கை இழந்தார்கள். "மிகை இயக்கம்" என்றபோது உட்கார வைக்கப் பாடுபட்டோம். தன்னை நிர்வகிப்பதில் உள்ள குறை என்று புரிந்த பிறகுதான், நேரத்தையும் இடத்தையும் அளவையும் மாற்றிக் கொடுப்பது பெரியவர்களின் வேலை என்பது தெளிவானது.

அந்த அம்மா வந்துபோன அன்று மாலை, பையனின் புத்தகத்தை மறுபடியும் திறந்தேன். பத்தில் ஆறு இல்லை என்று எழுதிய நான், அவன் செய்திருந்த நான்கைத் திருத்தியிருக்கவே இல்லை. திருத்திப் பார்த்தேன். நான்கும் சரி. "சோம்பல்" என்ற சொல்லை அடித்துவிட்டு, பக்கத்தில் "நான்கும் சரி. நாளை ஐந்து போதும்" என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் ஐந்து வந்தது.

காலவரிசைச் சுருக்கம்

1798: கிரைட்டன், நிலைக்காத கவனம்
1902: ஸ்டில், ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை
1937: பிராட்லி, பென்சிட்ரின்
1968: மிகை இயக்க எதிர்வினை
1972: டக்ளஸ், கவனமே மையம்
1975, 1976: விடைக்குப் புள்ளி, வீட்டோடு இணைந்த தினசரி அட்டை
1980: கவனக்குறைபாடு
1987: ஏடிஎச்டி
1997: பார்க்லி, தன்னை நிர்வகித்தல்
2008: மலேசிய மருத்துவ வழிகாட்டி

சிந்திக்க, கலந்துரையாட

1. 1902-இலும் 1980-இலும் வைக்கப்பட்ட பெயர்கள், குழந்தையை நடத்தும் விதத்தை எப்படி மாற்றியிருக்கும்? விளக்குக.
2. 1975 ஆய்வில் உட்கார்வதற்குப் பரிசு தராமல் சரியான விடைக்குப் பரிசு தந்ததன் பயன் என்ன? அதன் வரம்பு என்ன?
3. "எல்லா மாணவருக்கும் ஒரே அளவு வீட்டுப்பாடம் தருவதே நியாயம்." இக்கூற்றை ஒட்டியோ வெட்டியோ கட்டுரை எழுதுக.